பழைய மொழிப் பதிப்புகளைக் கைவிடும் நாளை எதைக் கொண்டு தீர்மானிப்பது? நிரற்பொதிப் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு 06

தமிழுக்கான திறந்த மூல நிரற்பொதிகளைப் பராமரிப்போருக்கும், உலகப் பொதுவான பொதிகளின் குழுக்களில் பங்களித்துவரும் இலங்கைத் தமிழ் நிரலாளர்களுக்கும்,

வணக்கம்.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு சிறு வியாபார நிலையங்களுக்கும் அச்சகங்களுக்கும் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். அதற்கு அப்பால், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய ஆவணங்களை, எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுகின்ற, பைத்தன் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு சிறிய நிரற்பொதியை (மற்ற நிரலாளர்களும் எடுத்துப் பாவிக்கக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்பை) சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். கோயில் மலர்களும் பாடசாலைச் சஞ்சிகைகளும் நினைவு மலர்களும் இன்னமும் பாமினியில் உறங்கிக் கிடக்கின்ற இந்நாட்டில் அதற்கும் பாவனையாளர்கள் இருக்கிறார்கள். அண்மையில் ஒரே வாரத்தில் அந்தப் பொதி சம்பந்தமாக எனக்கு இரண்டு செய்திகள் வந்தன. வெளிநாட்டில் வசிக்கும் ஒரு நல்ல நிரலாளர், பைத்தன் 3.8, 3.9 ஆகியவற்றுக்கான ஆதரவை உடனே நீக்கிவிடுங்கள், எல்லோரும் நீக்கிவிட்டார்கள், தரவிறக்கக் கணக்கிலும் அவற்றைப் பாவிப்போர் யாருமில்லை என்று எழுதி, அதற்கான நிரல் மாற்றத்தையும் ஆயத்தமாக அனுப்பியிருந்தார். இரண்டு நாள் கழித்து, கொழும்பு வடக்கிலுள்ள ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையின் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, போன கிழமை வரைக்கும் வேலை செய்தது. நீங்கள் சொன்னபடி நிறுவியதைத் தவிர நாங்கள் ஒன்றையும் தொடவில்லை," என்றார். அவருடைய கணினி ஆய்வுகூடத்தில் இருப்பது பைத்தன் 3.8. அங்கே உடைந்தது என் பொதியன்று. என் பொதி சார்ந்திருக்கும் வேறொரு பொதி.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எந்த நாளில், எந்தக் காரணத்துக்காக, எந்த முறையில் பழைய மொழிப் பதிப்புகளை நாம் கைவிட வேண்டும் என்று அன்றிலிருந்து யோசித்ததன் பயனே இம்மடல்.

பழையதை என்றென்றும் சுமந்து திரியுங்கள் என்று நான் கேட்கப்போவதாக யாரும் எண்ண வேண்டாம். அப்படிச் சுமந்து முதுகு முறிந்தவன் நான். பைத்தன் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். பைத்தன் 2இன் ஆதரவு 2015இல் முடியும் என்று முதலில் சொன்னார்கள், 2014இல் அதனை 2020 வரை நீட்டித்தார்கள், 2.7.18 என்ற கடைசி வெளியீடு 2020 ஏப்ரலில் வந்தது. நானோ அதன்பின்னும் இரண்டு வருடங்கள் என் பொதியில் 2.7ஐ வைத்திருந்தேன். தமிழில் வேலை செய்பவர்களுக்கு அது எத்தகைய வேதனை என்பதை ஆங்கிலத்தில் மாத்திரம் நிரல் எழுதியவர்களுக்கு விளக்குவது கடினம். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்னவென்று பைத்தன் 2இடம் கேட்டால், அது சாதாரணச் சரத்தில் (எழுத்துத் தொடரில்) இருக்கும்போது 15 என்று விடை வரும், ஏனென்றால் ஒருங்குறியின் யூ.டி.எப்-8 வடிவத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கிறது. பைத்தன் 3இல் கேட்டால் 5 என்று வரும், ஏனென்றால் அங்கே அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுகின்றன. முதலாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் மூன்று எழுத்து என்று சரியாகச் சொல்லும். ஐந்திலிருந்து மூன்றுக்கு வருவதற்கு நாங்கள் சில வரி நிரல் எழுதினால் போதும். பதினைந்திலிருந்து வருவதென்பது வேறு கதை. பைட்டுச் சரமும் ஒருங்குறிச் சரமும் கலந்த இடத்தில் பைத்தன் 2 அதனை ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியீட்டு முறை) என்று கருதித் திறக்க முயன்று விழுந்துவிடும். ஆங்கிலத் தரவை மட்டும் கொண்டு சோதித்தவருடைய கணினியில் அந்தப் பிழை ஒருபோதும் தலைகாட்டாது. நம்முடைய பாவனையாளரின் கணினியில், அதுவும் அச்சகத்துக்கு மலர் போகவேண்டிய முதல்நாள் இரவில், தவறாமல் வரும்.

ஆகவே பைத்தன் 2 போனது சரி. இன்னும் முன்னரே போயிருக்கலாம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அது போன விதத்தில் நாம் கற்கவேண்டியவை இருக்கின்றன. ஒருங்குறிச் சரத்தைக் குறிக்கச் சரத்தின் முன் இடப்பட்டுவந்த 'யூ' என்ற முன்னொட்டைப் பைத்தன் 3.0 நீக்கியிருந்தது. அதனால் ஒரே நிரலை இரண்டு பதிப்பிலும் இயங்கவைப்பது வீணான சிரமம் என்பதை மொழியை உருவாக்குபவர்களே உணர்ந்து, 2012இல் வந்த 3.3இல் அதனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒன்றை நீக்குவதாலும் மொழி தூய்மையடையாமல், வைத்திருப்பதாலும் பெரிய பாரம் வராமல் இருக்குமானால், அதை விட்டுவைத்து மக்களைக் கடந்துவர விடுவதே நல்லது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். இணையத்தளங்களை அமைக்க உதவும் பைத்தன் பொதியான ஜாங்கோவும் அவ்வாறே நடந்தது. 2017 ஏப்ரலில் வந்த 1.11தான் பைத்தன் 2க்கான கடைசிப் பதிப்பு. அது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு 2020 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைத்தன. 2017 டிசம்பரில் வந்த 2.0 பைத்தன் 3ஐ மாத்திரம் ஏற்றது. முன்னே போகிறவர்கள் போனார்கள். நிற்கவேண்டியவர்களுக்கு நிற்க ஓர் இடமும், அந்த இடம் எந்த நாள்வரை என்ற உறுதியும் இருந்தன.

இனி இன்றைய நிலைமைக்கு வருகிறேன். பைத்தன் இப்போது ஒவ்வொரு வருடமும் ஒக்டோபரில் ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து வருட ஆயுள். 3.6 2021 டிசம்பரிலும், 3.7 2023 ஜூனிலும், 3.8 2024 ஒக்டோபரிலும், 3.9 2025 ஒக்டோபரிலும் ஆயுள் முடிந்தன. நம்பை முதலிய அறிவியற் பொதிகள் இந்த ஐந்து வருடமும் காத்திருப்பதில்லை. ஒரு மொழிப் பதிப்பு வெளிவந்து 42 மாதங்கள் கடந்தால் அதை விட்டுவிடலாம் என்று 2019இல் அவை ஒரு வழிமுறையை எழுதிக்கொண்டன, பிறகு அந்தத் துறையின் பொதிகள் பல சேர்ந்து அதனை மூன்று வருடமாகச் சுருக்கின. இவையெல்லாம் வெளிப்படையாக எழுதப்பட்ட, நியாயமான கணக்குகள். அவற்றில் எனக்குள்ள குறை ஒன்றுதான்: இந்தக் கணக்குகள் மொழிப் பதிப்பு பிறந்த நாளிலிருந்து ஓடுகின்றன, நம்முடைய பாவனையாளரின் கணக்கோ கணினி வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது.

அந்த ஆசிரியையின் ஆய்வுகூடத்தில் இருபது கணினிகள் இருக்கின்றன. பழைய மாணவர் சங்கம் 2012இல் வாங்கிக் கொடுத்தவை. இன்று பதினேழு இயங்குகின்றன. எல்லாவற்றிலும் விண்டோஸ் 7. பைத்தன் 3.9 விண்டோஸ் 7இல் இயங்காது. ஆகவே அங்கே 3.8தான் எல்லை. அந்தக் கணினிகளை மாற்றியிருக்கவேண்டிய வருடம் 2022. அந்த வருடத்தில் இங்கே என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டது. இருநூறு ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதமளவில் 360 ரூபாயை அண்மித்தது. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்த மடிக்கணினியின் விலையை ஒரு கடையில் கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் முதற்கடையில் விலை ஏறியிருந்த நாட்களை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சங்கம் கணினிக்கெனச் சேர்த்துவைத்த காசு ஒரு மின்பிறப்பாக்கிக்கும் சில பிள்ளைகளின் சீருடைக்கும் போனது. அதைப் பிழையென்று யார் சொல்வார்கள்?

விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் போடலாமே என்பீர்கள். நானே ஓர் ஆய்வுகூடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அங்கே அது நன்றாக ஓடுகிறது. ஆனால் இந்தப் பாடசாலையில் அலுவலகக் கடிதங்கள் எல்லாம் பாமினியிலும் அதற்கென்றே அமைந்த விசைப்பலகைப் பழக்கத்திலும் ஓடுகின்றன. உயர்தர மாணவர்களுக்குப் பைத்தன் படிப்பிக்கும் அதே கணினியில்தான் மாலையில் அதிபரின் கடிதமும் தட்டச்சாகிறது. தவிர, அங்கேயும் வாசல் ஒடுங்கிக்கொண்டு வருகிறது: 2025 ஓகஸ்ட்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு, பழைய 32-பிட் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது.

இப்போது தரவிறக்கக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இன்றைக்கு ஒரு பதிப்பைக் கைவிடும்போது பராமரிப்பாளர்கள் அதிகமாகக் காட்டும் ஆதாரம் அதுதான். என்னுடைய பொதிக்கே அந்த நிரலாளர் காட்டினார்: 3.8இலிருந்து வந்த தரவிறக்கம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த எண் சரியானது. அது எதை எண்ணுகிறது என்பதில்தான் சிக்கல். பெரிய நிறுவனங்களின் தானியங்கிச் சோதனை இயந்திரங்கள் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் எல்லாப் பொதிகளையும் புதிதாக இறக்கிக்கொள்கின்றன. ஒரே நிறுவனம் ஒரே நாளில் ஆயிரம் தடவை எண்ணப்படலாம். எங்கள் பாடசாலையில் நடப்பது இதற்கு நேர்மாறு. நான் வெள்ளவத்தையில் என் கணினியில், 3.8க்கான கோப்புகளைத் தா என்று, பொதிகளை இறக்கி நிறுவும் கருவியான பிப்பிடம் கேட்டு ஒருமுறை இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, பேருந்தில் கொண்டுபோய்ப் பதினேழு கணினியில் நிறுவுகிறேன். பதினேழு கணினி, கிட்டத்தட்ட அறுபது மாணவர். கணக்கில் ஒரே ஒரு தரவிறக்கம். அந்த ஒன்றுகூட 3.8இன் பெயரில் விழுவதில்லை. பிப் தன்னை இயக்கும் பைத்தனின் பதிப்பையே சேவையகத்துக்குச் சொல்லும். என் கணினியில் இருப்பது 3.12. ஆகவே அந்த அறுபது பிள்ளைகளும் உங்கள் வரைபடத்தில் 3.12 பாவனையாளர் ஒருவராக நிற்கிறார்கள். இதே கதையை மலையகத்துப் பாடசாலைகளுக்கும் வன்னிக்கும் நீட்டிப் பாருங்கள். இணையம் குறைவாக உள்ளவர்களே பழைய பதிப்பில் தங்குகிறார்கள், இணையம் குறைவாக உள்ளவர்களே எண்ணப்படாமலும் போகிறார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு "யாருமில்லை" என்று தீர்ப்பெழுதுவது, வாக்காளர் இடாப்பில் பெயரில்லாதவர்களிடம் ஏன் வாக்களிக்க வரவில்லை என்று கேட்பதைப் போன்றது.

அப்படியானால் எதைக் கொண்டுதான் தீர்மானிப்பது? ஒரு பதிப்பைக் கைவிடுவதற்கான காரணம், அதை வைத்திருப்பதனால் நமக்கு உண்டாகும் உண்மையான பாரமாக இருக்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. சார்ந்திருக்கும் முக்கிய பொதி ஒன்று போய்விட்டது, பாதுகாப்புத் திருத்தத்தைப் பழைய பதிப்பில் செய்யவே முடியாது, சோதிக்க இயந்திரம் கிடைக்கவில்லை ஆகியவற்றைப் பாரம் என்று ஒப்புக்கொள்கிறேன். கடைசியாகச் சொன்னதை யாரும் சாதாரணமாக எண்ணவேண்டாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் இலவசச் சோதனை இயந்திரங்கள் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் பதிப்புக்கு மாறியபோது அங்கே பைத்தன் 3.6 கிடைக்காமற் போயிற்று. சோதிக்காத பதிப்பில் இயங்கும் என்று வாக்குக் கொடுப்பது பொய் சொல்வதற்குச் சமம். புதிய தொடரியல் அழகாக இருக்கிறது என்பதை மட்டும் நான் பாரமென்று ஏற்கமாட்டேன். எனக்கு வந்த நிரல் மாற்றத்தைத் திறந்து பார்த்தேன். அதன் பெரும்பகுதி, வகைக்குறிப்புகளில் (ஒரு மாறியில் எவ்வகைத் தரவு வரும் என்று நிரலில் எழுதும் குறிப்புகளில்) இருந்த பழைய நீண்ட வடிவத்தை எடுத்துவிட்டு 3.10இல் வந்த செங்குத்துக் கோட்டு வடிவத்தை இட்டிருந்தது. பொதி எந்த விதத்திலும் வேகமாகவில்லை, ஒரு பிழையும் தீரவில்லை. ஆனால் 3.8இலும் 3.9இலும் அந்தக் கோப்பை ஏற்றும்போதே நிரல் விழும். எதிர்கால வசதிகளிலிருந்து வகைக்குறிப்பை இறக்குமதி செய்கின்ற ஒரு வரியைக் கோப்பின் தலையில் இட்டிருந்தால், 3.7 முதல் எல்லாவற்றிலும் அதே அழகோடு ஓடியிருக்கும். ஒரு வரிதான். அதை அவருக்கு எழுதினேன். அவரும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். அவருடைய நிரல் இப்போது என் பொதியில் இருக்கிறது, ஆசிரியையின் கணினியிலும் ஓடுகிறது.

பாரத்தை அளக்கும்போது, நம்முடைய பொதி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். என் பாமினி மாற்றியைப் போன்ற மேல்தட்டுப் பொதி 3.8ஐக் கைவிட்டால், அதனை நேரடியாகப் பாவிப்பவர்களே பாதிக்கப்படுவர். அவர்களும் பழைய பதிப்பில் இருந்துகொள்ளலாம், பாமினி எழுத்துரு நாளைக்கு மாறிவிடப் போவதில்லை. அடித்தளத்தில் உள்ள பொதி தன் எல்லையை உயர்த்தினால் அதன்மேல் நிற்கும் அத்தனை பொதிகளும் கூடவே உயர்கின்றன. வலையமைப்பையும் மறைகுறியாக்கத்தையும் தொடுகின்ற பொதிகள் இன்னொரு வகை: அவற்றின் பழைய பதிப்பில் தங்குவது ஆபத்து, ஆகவே அவை கைவிடும்போது பாவனையாளரை ஆபத்திலேயே கைவிடுகின்றன. இணையச் சேவையகங்களோடு தொடர்புகொள்ள உதவும் யூஆர்எல்லிப்-3 என்ற பொதி இதற்குக் காட்டிய வழியை நான் மெச்சுகிறேன். 2023இல் அதன் 2.0 பழைய பதிப்புகளை விட்டுவிட்டு முன்னே போனது, ஆனால் 1.26 என்ற கிளையை உயிரோடு வைத்திருந்து, அதே வருட ஒக்டோபரில் பாதுகாப்புக் குறைபாடுகள் தெரியவந்தபோது அந்தக் கிளைக்கும் திருத்தம் கொடுத்தது. புதிய வசதி ஒன்றும் பழைய கிளைக்குத் தேவையில்லை. கதவின் பூட்டை மாத்திரம் திருத்திக் கொடுத்தால் போதும்.

கைவிடும் முறையைப் பற்றிச் சொல்லும்போது அந்த ஆய்வுகூடத்தில் உண்மையில் என்ன உடைந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் அதன் விடை வெட்கப்படும்படி எளிமையானது. இந்த முறை நான் நேரில் போகவில்லை; ஆசிரியையின் கைப்பேசி இணைப்பில் ஒவ்வொரு கணினியாக நிறுவச் சொல்லியிருந்தேன். நான் சார்ந்திருந்த பொதியின் பராமரிப்பாளர்கள் 3.8ஐ விட்டது அவர்களுடைய உரிமை. ஆனால் இந்தப் பதிப்புக்கு எந்தப் பைத்தன் வேண்டும் என்று பொதியின் விவரக்கோப்பில் எழுதுகின்ற அந்த ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டார்கள். அந்த வரி சரியாக இருந்திருந்தால், 2016இல் வந்த பிப் 9 முதல் எந்தப் பிப்பும் அதனைப் படித்து, 3.8க்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தானாகவே தேடி எடுத்திருக்கும். ஆசிரியைக்கு எதுவும் தெரிந்திருக்கவே மாட்டாது. வரி மாற்றப்படாததால் புதியது வந்து அமர்ந்து, வகைக்குறிப்பில் தடுக்கி விழுந்தது. வெளியிட்ட பதிப்பின் விவரத்தைப் பின்னர் திருத்தவும் முடியாது. அந்த வெளியீட்டையே மீளப்பெற்றதாகக் குறித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வெளியிடவேண்டும். அவர்கள் அதைச் செய்ய ஒன்பது நாள் ஆயிற்று. 3.8ஐ விட்ட அந்த வெளியீடு, பதிப்பெண்ணின் முதல் இலக்கம் (முதன்மை எண்) மாறாத சிற்றெண் வெளியீடாக வந்ததும் இன்னொரு குறை. ஒரு மொழிப் பதிப்பைக் கைவிடுவதை முதன்மை எண் மாறும்போது மட்டும் செய்தால், என்னைப் போன்றவர்கள் விழித்துக்கொள்ள ஓர் அடையாளமாவது கிடைக்கும்.

அறிவித்தலை எங்கே இடுவது என்பதிலும் நமக்குப் பழக்கதோஷம் இருக்கிறது. மாற்றப் பட்டியலின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டு அறிவித்தாயிற்று என்கிறோம். அந்தப் பட்டியலைப் படிப்பவர்கள் ஏற்கெனவே புதிய பதிப்பில் இருப்பவர்கள். இணையத்தளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இதில் நீண்ட காலம் தயங்கித்தான் நின்றது. 2011 ஜனவரியிலேயே ஆயுள் முடிந்த, பி.எச்.பி. என்ற நிரல்மொழியின் 5.2ஆம் பதிப்பை அது 2019 மே வரை ஏற்றுக்கொண்டிருந்தது. அவ்வளவு காலம் தாமதித்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் எல்லையை உயர்த்துவதற்குச் சில மாதங்கள் முன்பு, பழைய பி.எச்.பி.யில் ஓடும் தளங்களின் நிர்வாகப் பக்கத்திலேயே எச்சரிக்கையைக் காட்டத் தொடங்கியதே, அது பின்பற்றத்தக்கது. தமிழ்ப் பொதிகளைப் பராமரிக்கும் நாம் அந்த எச்சரிக்கையைத் தமிழிலேயே காட்டலாம். "இந்தப் பைத்தன் பதிப்புக்கான ஆதரவு இன்ன நாளோடு முடிகிறது, அதன்பின் இந்தப் பொதியின் இன்ன பதிப்பிலேயே இருந்துகொள்ளுங்கள்" என்று நிரல் இயங்கும்போது ஒரு வரி தோன்றினால், அந்த ஆசிரியை அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருப்பார்.

நாள் முன்கூட்டியே தெரிந்தால் தன்னார்வலர்களால்கூட எவ்வளவு செய்யமுடியும் என்பதற்கு வெளியே உதாரணம் தேடவேண்டியதில்லை. நூலகம் எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மீடியாவிக்கி என்ற மென்பொருளில் சேர்த்துவருகிறது. மீடியாவிக்கியின் 1.39 பி.எச்.பி. 7.4ஐக் கேட்டது, 1.43 பி.எச்.பி. 8.1ஐக் கேட்கிறது, ஆனால் ஒவ்வொரு நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கும் மூன்று வருடம் என்று அட்டவணை எழுதிவைக்கப்பட்டிருப்பதால், அம்மென்பொருளைப் பாவிக்கும் எந்தக் குழுவும் தன் ஏறும் படியை முன்னரே அறிந்துகொள்ளலாம். இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2004 சுனாமிக்குப் பின் சில வாரங்களுக்குள் இதே கொழும்பில் தன்னார்வ நிரலாளர்கள் கூடி எழுதிய சஹானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், பி.எச்.பி.யில் எழுதப்பட்டது, 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்குப் பயன்பட்டது; 2010இல் ஹெய்ட்டி பூகம்பத்துக்கு அதன் பைத்தன் வடிவம் பயன்பட்டது. அனர்த்தம் நடந்த இடத்தில் எந்தக் கணினி கிடைக்கிறதோ அதில் ஓடவேண்டிய மென்பொருளுக்கு மொழிப் பதிப்பின் எல்லையென்பது வெறும் ரசனை விடயமாக இருக்கமுடியாது.

தனித்தனியாக முடிவெடுக்காமல் சேர்ந்து ஒரு நாளைக் குறிப்பதிலும் பலன் உண்டு. பி.எச்.பி. 5 வந்து மூன்று வருடமாகியும், பொதிகள் பழையதைக் கேட்பதால் மாறவில்லை என்று தளவழங்கு நிறுவனங்களும் (இணையத்தளங்களுக்குச் சேவையக இடம் தருபவை), தளவழங்குநர் மாறாததால் கைவிட முடியவில்லை என்று பொதிக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2007இல் பல செயற்றிட்டங்கள் ஒன்றுகூடி, 2008 பெப்ரவரி 5 முதல் நாங்கள் பி.எச்.பி. 5.2ஐயே கேட்போம் என்று கூட்டாக அறிவித்தன. பைத்தன் 2ஐ 2020க்குள் கைவிடுவதாகப் பின்னாளில் பல பொதிகள் சேர்ந்து கையொப்பமிட்ட உறுதிமொழியும் அவ்வகையே. விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ்ப் பொதிகள் நாம். எழுத்துப் பிரிப்பான், சொற்பிழை திருத்தி, எழுத்துரு மாற்றி, ஒலிபெயர்ப்பி என்று ஒன்றையொன்று சார்ந்தே நிற்கிறோம். ஒரே நாளில் எல்லை உயர்ந்தால் ஆசிரியர் ஒருமுறை மாத்திரம் சிரமப்படுவார். ஆளுக்கொரு நாளில் உயர்ந்தால் அவர் மாதந்தோறும் எங்களில் ஒருவரைத் திட்டவேண்டியிருக்கும். அந்த நாள் உயர்தரப் பரீட்சை முடிந்து அடுத்த அணி வகுப்புத் தொடங்குவதற்கு இடையில் விழுமானால் இன்னும் நன்று.

இது பாவனையாளர் பக்கத்துக்கு எல்லாச் சலுகையும் கேட்கும் மடலாகவும் ஆகிவிடக்கூடாது. பழையதிலேயே இருப்பது சும்மா கிடைக்கும் சுகமன்று என்பதை 2023 ஓகஸ்ட்டில் இந்நாடு கண்டது. அரசாங்க முகிலின் மின்னஞ்சல் தொகுதி கப்பம் கோரும் தீநிரலுக்கு இலக்காகி, மூன்று மாதத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் மீட்கமுடியாமல் அழிந்தன. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் என்ற மின்னஞ்சல் மென்பொருளின், அதே வருட ஏப்ரலில் ஆதரவு முடிந்துபோன 2013ஆம் வருடப் பதிப்பு. புதுப்பிக்கப் போதிய நிதி கிடைக்காமையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அது திறந்த மூல மென்பொருளன்று. எனினும் காசில்லாத இடத்தில் காலாவதி எப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதில் வேறுபாடு இல்லை. அந்த ஆசிரியையிடமும் நான் இதைச் சொல்லியிருக்கிறேன்: அந்தப் பதினேழு கணினிகளையும் இணையத்தோடு இணைக்காதீர்கள், கைப்பேசி வழியாகக்கூட வேண்டாம், பொதிகளை முன்போல் நானே பென் டிரைவில் கொண்டுவருகிறேன். விண்டோஸ் 10இன் ஆதரவும் 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டதால், அடுத்த சுற்றில் இதே உரையாடலை இன்னும் பல ஆய்வுகூடங்களோடு நடத்தவேண்டியிருக்கும். அங்குள்ள கணினிகள் பல விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாதவை.

உங்களில் சிலர் மனதில் எழும் கேள்வி எனக்கும் தெரியும், ஏனென்றால் நள்ளிரவில் அது என் மனதிலும் எழுகிறது: சம்பளமின்றி உழைக்கிறவனிடம் நாளும் கெடுவும் கேட்க நீ யார்? உரிமத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை என்றுதானே எழுதியிருக்கிறது? உண்மை. நான் உங்கள் உழைப்பைக் கூடுதலாகக் கேட்கவில்லை. விவரக்கோப்பில் ஒரு வரி, அறிவித்தலில் ஒரு நாள், கடைசியாக இயங்கும் பதிப்பின் எண், இவ்வளவையும் எழுத அரைமணி நேரம் போதும். உழைப்பு தேவைப்படும் இடத்தில் அதில் ஒரு பங்கை நான் ஏற்கிறேன். என் வீட்டில் விண்டோஸ் 7 ஓடும் ஒரு பழைய மேசைக்கணினி இருக்கிறது. தமிழ்ப் பொதி எதையும் வெளியிடுமுன் 3.8இல் சோதித்துப் பார்க்க விரும்பும் எவரும் பரீட்சார்த்தப் பதிப்பை எனக்கு அனுப்பலாம். மின்சாரம் இருக்கும் வரை மூன்று நாளுக்குள் முடிவைச் சொல்வேன்.

என் பொதிக்கான முடிவையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு மாற்றினால் நீங்கள் என்னைக் கேட்கலாம். பைத்தன் 3.8, 3.9 ஆகியவற்றுக்கான ஆதரவு 2026 டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது. அவற்றில் இயங்கும் என் பொதியின் கடைசி வெளியீடு 2.9 ஆக இருக்கும். கோப்பைக் கெடுக்கும் அளவுக்கு ஏதேனும் பிழை தென்பட்டால் அந்தக் கிளைக்கு 2027 முழுவதும் திருத்தம் தருவேன், புதிய வசதி எதுவும் தரமாட்டேன். என் பொதியின் 3.0 பதிப்புக்குப் பைத்தன் 3.10 வேண்டும், அந்த வரியை விவரக்கோப்பில் நேற்றே எழுதிவிட்டேன். வேறொரு நாளில் எல்லோரும் சேர்ந்து மாறலாம் என்று நீங்கள் முடிவுசெய்தால், அது இதற்குப் பிந்திய நாளாக இருக்கும் பட்சத்தில், என் நாளைத் தள்ளிவைக்கச் சம்மதம்.

இப்படிக்கு,
பாமினி மாற்றிப் பொதியைப் பராமரிப்பவன்
வெள்ளவத்தை, கொழும்பு 06